1976 இல்லாத நிலவறை

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதே என்று சொல்லும் பதிவும் இல்லை. ஒரு குடும்பம், ஒரு தோட்டம், ஒரு மலைச்சாலை, அவ்வளவுதான். 'சரக்கு' மேட்டர் என்று நினைத்து வந்தவர்கள் கோபிக்காமல் ஒரு எட்டு படித்துவிட்டுப் போகவும் :-)

துபாயில் கொஞ்ச வருஷம் குப்பை கொட்டினேன் என்று முன்னாடியே சொல்லியிருக்கேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு லெபனான்காரர். பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கிற ஸஹ்லே ஊர். வேலையில் கறார். சாப்பாட்டு மேசையில் மட்டும் வேற மனுஷன். நம்மைப் போலவே ஊர்க்கதை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்.

ஒரு நாள் அவர் பிறந்த நாள். வயசு கேட்டோம். "1976. என் வருஷத்துக்கு பாட்டிலே கிடையாதுப்பா" என்றார். ஒண்ணும் புரியல. அப்புறம்தான் விளக்கினார். ஒயின் பிடிக்கிறவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டாம். தான் பிறந்த வருஷத்து ஒயின், பிள்ளை பிறந்த வருஷத்து ஒயின் என்று ஒரு பாட்டில் தேடி வாங்கி எடுத்து வைப்பார்கள். நம்ம ஊர்ல பிள்ளை பிறந்தா தென்னங்கன்று நடுற மாதிரி. அவர் நாட்டில் ரொம்பப் பேர் போன ஒயின் ஷாத்தோ முஸார். அதில் 1975 உண்டு. 1977 உண்டு. 1976 மட்டும் கிடையாது. அந்த வருஷம் பழம் தோட்டத்தை விட்டு வந்து சேரவே இல்லை.

அன்றைக்கு சிரிச்சுட்டு விட்டுட்டேன். பிறகு அந்த விட்டுப்போன வருஷம் மனசுல தங்கிடுச்சு. தேடித் தேடிப் படிச்சதில் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஊர்

லெபனான் ரொம்பச் சின்ன நாடு. மொத்தப் பரப்பளவு சுமார் 10,450 சதுர கிலோமீட்டர். மேற்கே மத்தியதரைக் கடல். கடலை ஒட்டினாப்ல சட்டென்று எழும்பும் லெபனான் மலை. மலையைத் தாண்டி கிழக்கே இறங்கினால் பெக்கா பள்ளத்தாக்கு. அதற்கும் கிழக்கே இன்னொரு மலைத்தொடர், அதைத் தாண்டினால் சிரியா. பள்ளத்தாக்கு என்றதும் ஏதோ கிடுகிடு பள்ளம் என்று நினைக்காதீங்க. அந்தப் 'பள்ளமே' கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கு. பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிர், குளிர்காலத்தில் மழையும் பனியும், கோடையில் மழையே இல்லை. திராட்சைக்கு இதைவிட என்ன வேணும்?

அதனால் அங்கே ஒயின் நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. பெக்காவில் இருக்கிற பால்பெக் ஊரில் ரோமானியர்கள் கட்டிய பிரம்மாண்டமான கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஒயின் தெய்வமான பாக்கஸ் பெயரால் அதை அழைக்கிறார்கள். கடற்கரைப் பக்கம், சைடா நகருக்குத் தெற்கே தெல் எல் புராக் என்ற இடத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பினீசியர் காலத்து ஒயின் ஆலை ஒன்றைத் தோண்டி எடுத்து, 2020ல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். திராட்சையை மிதிச்சுச் சாறு எடுக்கிற தொட்டி அப்படியே கிடைச்சிருக்கு.

இந்த மத்தியதரைக்கடல் மது நம்ம பக்கமும் வந்த சரக்குதான். புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் பாடிய பாட்டு ஒன்றில், யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பத்தி வரும். அரிக்கமேட்டில் 1945ல் வீலர் தோண்டினபோது அந்தக் கடல் பக்கத்து மது ஜாடித் துண்டுகள் கிடைச்சன. சரி, பெருமை பேசினது போதும். கதைக்கு வருவோம்.

காஸ்டன் ஹோஷார்

லெபனான் பல நூற்றாண்டு ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. இஸ்லாமிய ஆட்சியில் ஒயின் தொழில் பெரிசா வளர வழியில்லை. கிறிஸ்தவர்கள் வழிபாட்டுக்குத் தேவைன்னு செய்துக்கலாம். 1857ல் பெக்காவில் ஜெசூட் பாதிரிமார்கள் க்ஸாரா என்ற இடத்தில் ஒயின் செய்ய ஆரம்பிச்சது அப்படித்தான். முதல் உலகப் போருக்குப் பின்னாடி ஒட்டோமான் போய் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்களும் அதிகாரிகளும் இருந்தா ஒயினுக்குக் கிராக்கி வராமல் இருக்குமா?

காஸ்டன் ஹோஷார் என்ற இளைஞர் இந்த நேரத்தில்தான் வருகிறார். பிரான்சில் போர்தோ பக்கம் சுத்திப் பார்த்துவிட்டு வந்தவர், 1930ல், தன் 20ஆவது வயசில், ஒயின் செய்ய ஆரம்பிச்சார். 20 வயசில் நான் அரியர்ஸ் எழுதிக்கிட்டிருந்தேன். அது இருக்கட்டும்.

ஹோஷார் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். அவர்கள் முன்னோர் 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க் காலத்தில் பிரான்சின் பிகார்டி பக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர்களாம். அவ்வளவு பழைய விஷயத்துக்கு யார் சாட்சி? ஆனால் அந்தக் குடும்பம் தன்னை எப்படிப் பார்க்குது என்பது இதில் தெரியுது. வந்தோம், தங்கினோம், இனி போக மாட்டோம்.

பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் கஸீர் என்று ஒரு ஊர். அங்கே இருந்த 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீடு ஒன்றின் நிலவறையில் காஸ்டன் தொழிலைத் தொடங்கினார். அந்த இடத்தின் பெயர்தான் ம்ஸார், அதாவது முஸார்.

இங்கேதான் ஒரு விநோதம். ஆலை கடல் பக்கம், கஸீரில். திராட்சைத் தோட்டமோ மலைக்கு அந்தப் பக்கம், பெக்காவில். கெஃப்ரையா, ஆனா என்ற ஊர்களைச் சுத்தி. (ஆமாம், ஊர் பேரே 'ஆனா'தான். நம்ம 'ஆனா' இல்லை!) பழத்தைப் பறிச்சு லாரியில் ஏத்தி, 1500 மீட்டருக்கும் மேல் உயரமான தஹர் அல் பைதர் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, கடற்கரை வந்து, திரும்ப மலையேறிக் கொண்டு போகணும். யாராவது இப்படிச் செய்வாங்களா?

காரணம் என்று சொல்லப்படுவது அரசியல். பெக்காவை லெபனானோடு சேர்த்ததே 1920ல்தான். நாளைக்கு எல்லைக்கோடு மாறி அது சிரியாவோடு போயிடுச்சுன்னா? தோட்டம் போனாலும் ஆலையாவது நம்ம பக்கம் இருக்கட்டும் என்ற கணக்கு. 1930ல் அது புத்திசாலித்தனமான கணக்குதான். 45 வருஷம் கழிச்சு அதே கணக்கு கழுத்தைப் பிடிக்கப்போகுதுன்னு அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லெபனானுக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகளில் ரொனால்ட் பார்ட்டன் என்று ஒருவர் இருந்தார். போர்தோவில் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்த பார்ட்டன் குடும்பத்துக்காரர். அவரும் காஸ்டனும் நல்ல சிநேகம் ஆகிட்டாங்க. எந்த அளவுக்கு என்றால், காஸ்டன் தன் இளைய மகனுக்கு ரொனால்ட் என்றே பேர் வெச்சார். மூத்த மகன் செர்ஜ், 1939ல் பிறந்தவர். நம்ம கதைக்கு நாயகன் இவர்தான்.

அப்பாவை விலகச் சொன்ன பிள்ளை

செர்ஜ் முதலில் படிச்சது சிவில் இன்ஜினியரிங். பிறகு ஒயின் பக்கம் மனசு திரும்பி போர்தோ பல்கலைக்கழகத்தில் படிச்சார். எமில் பேனோ போன்ற பெரிய வாத்தியார்கள் அங்கே சொல்லிக் கொடுத்த காலம் அது. 1959ல் முஸார் ஒயினைச் செய்யும் பொறுப்பை எடுத்துக்கிட்டார். எடுத்துக்கிட்டபோது அப்பாவிடம் அவர் வெச்ச நிபந்தனை இப்பவும் பேசப்படுது. 'என் வழியில் செய்வேன், உலகம் முழுக்கத் தெரிய வேண்டும், நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும்' என்பது அதன் சாரம். நம்ம வீட்ல இப்படிச் சொன்னா என்ன நடக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். செருப்பு பறந்திருக்கும். காஸ்டன் விலகிக்கொண்டார். 1962ல் தம்பி ரொனால்ட் வந்து வியாபாரத்தையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்டார்.

அவர் வழி என்ன வழி? படிப்பு சொல்லிக் கொடுத்த தந்திரங்களை முடிஞ்சவரை பயன்படுத்தாமல் இருப்பதுதான்.

நம்ம கம்பம் பக்கம் பன்னீர் திராட்சையைப் பந்தல் போட்டு ஏத்தியிருப்பாங்க, தலைக்கு மேலே கொத்துக் கொத்தா தொங்கும். முஸார் தோட்டத்தின் பழைய கொடிகளுக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கட்டையா புதர் மாதிரி தரையை ஒட்டி நிற்கும். ரெட் ஒயினுக்கு கபர்னே சவிஞான், சன்ஸோ, கரிஞான் என்ற மூணு வகைப் பழம். ஒயிட் ஒயினுக்கு ஒபைதே, மெர்வா என்ற நாட்டு வகைகள், இன்னும் உயரத்தில் மலைச்சரிவில் வளர்பவை. இந்த ரெண்டையும் சிலுவைப் போர் வீரர்கள்தான் பிரான்சுக்குக் கொண்டு போனார்கள், அங்கே பேர் மாறிப்போச்சு என்று ஒரு கதை ரொம்ப நாள் ஓடிச்சு. கதை அழகாத்தான் இருக்கு, மரபணுச் சோதனை ஒத்துக்கல. இவை லெபனானுக்கே உரிய தனி வகைகள் என்று சொல்லிடுச்சு. அதுவும் பெருமைதானே! இதே ஒபைதே பழத்தில் சோம்பு போட்டு அவர்கள் காய்ச்சுவதுதான் அரக். அரபியில் வியர்வை என்று பொருள். ஆங்கிலத்தில் நம்ம பக்கத்துச் சாராயத்தை அர்ராக் என்கிறார்களே, அதுக்கும் வேர் இந்த வார்த்தைதான்.

பறிச்ச பழம் கஸீர் வந்ததும் சிமெண்ட் தொட்டியில் நொதிக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. கள்ளுக்கு யார் ஈஸ்ட் போடுறாங்க? தானே புளிக்குதில்ல, அதே மாதிரி, பழத்தோடு கூடவே வருவதை வெச்சே. அப்புறம் ஒரு வருஷம் பிரெஞ்சு ஓக் பீப்பாயில். பிறகு மூணு வகையையும் கலந்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைச்சு, நிலவறையில் படுக்க வைப்பார்கள். சந்தைக்கு வருவது ஏழாவது வருஷம்.

ஏழு வருஷம்! இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

போர்

1975 ஏப்ரல் 13. பெய்ரூட்டின் அயின் எல் ருமானே பகுதியில் ஒரு பஸ் மேல் துப்பாக்கிச் சூடு. அன்றைக்குத் தொடங்கின உள்நாட்டுப் போர் 1990 வரை நீண்டது. யார் யாரோடு சண்டை என்று பட்டியல் போட்டா இந்தப் பதிவு முடியாது. கிறிஸ்தவக் குழுக்கள், முஸ்லிம் குழுக்கள், துரூஸ்கள், பாலஸ்தீனர்கள், 1976ல் உள்ளே வந்த சிரியா ராணுவம், 1982ல் படையெடுத்த இஸ்ரேல். நேத்து கூட்டாளி இன்னிக்கு எதிரி.

இப்போ அந்த வரைபடத்தை யோசிங்க. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், சிரியாவின் பிடியில். ஆலை இந்தப் பக்கம், கிறிஸ்தவக் குழுக்களின் கையில். நடுவில் ஒரு மலைச்சாலை, அதில் ஆளுக்கொரு செக்போஸ்ட். சமாதான காலத்தில் ரெண்டு மூணு மணி நேரத்தில் முடியும் பயணம். திராட்சைக்கோ நேரம்தான் எல்லாம். பறிச்ச நிமிஷத்திலிருந்து அது கெட ஆரம்பிக்குது. செக்போஸ்டில் நிக்கிற பையனுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா?

1976ல் முடியவில்லை. ஒயின் செய்யவே இல்லை. என் மேலதிகாரியின் வருஷம்.

1982ல் இஸ்ரேல் படை வந்தபோது தெற்கு பெக்காவில் ரெண்டு ராணுவங்களும் நேருக்கு நேர் நின்றன. தோட்டங்கள் இருக்கிற பகுதியே அதுதான். 1983ல் மலையில் துரூஸ் - கிறிஸ்தவர் சண்டை மூண்டது. பெய்ரூட் - டமாஸ்கஸ் சாலை துண்டானது. 1984 அறுவடையில் லாரிகள் ஊரைச் சுத்தி வளைச்சுப் பல நாள் கழிச்சு வந்து சேர்ந்தபோது, பழம் லாரியிலேயே நொதிக்க ஆரம்பிச்சிருந்தது. செர்ஜ் அதைத் தூக்கி எறியவில்லை. ஒயின் செய்தார். ஆனால் வழக்கம்போல் ஏழாவது வருஷம் அதை விற்பனைக்கு அனுப்பவில்லை.

கணக்குப் பார்த்தால் 1975 முதல் 1990 வரை 16 அறுவடைகள். போரால் விட்டுப்போனது ரெண்டே ரெண்டு. மீதி 14 வருஷமும் பழம் வந்தது.

ஈழத்து நண்பர்கள் இதைப் படிச்சால் நான் விளக்க வேண்டியதே இல்லை. ஷெல் விழுகிற நாளிலும் வயலில் கதிர் முத்திவிட்டால் யாராவது அரிவாளோடு போய்த்தான் ஆகணும். பயிருக்குப் போர் தெரியாது. வெளியே இருக்கிறவன் இதை வீரம் என்பான். உள்ளே இருக்கிறவனுக்கு அது வேற வழியில்லாத ஒரு வேலை.

ஏழு வருஷக் கணக்கு

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது பழம் வந்த கதைகூட இல்லை. பாட்டிலில் அடைச்சு ஏழு வருஷம் வைக்கிற கதைதான்.

1975ல், போர் தொடங்கின வருஷம், பறிச்ச பழம். ஏழு வருஷம் கூட்டினால் 1982. அதாவது இஸ்ரேல் படை பெய்ரூட்டைச் சுற்றி நின்ற வருஷம். 1983ல் பறிச்சதுக்கு 1990. அடுத்த வாரம் உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஊரில் ஒருத்தர் பாட்டிலைப் படுக்க வைக்கிறார், ஏழு வருஷம் கழிச்சு எடுக்கலாம்னு. காசு முடங்கிக் கிடக்கும். ஒரு குண்டு சரியா விழுந்தா ஏழு வருஷ உழைப்பும் தரையில் ஓடும். 'நிலைமை சரியில்லை, ரெண்டே வருஷத்தில் வித்துக் காசாக்கிடலாம்' என்று யாராவது சொல்லியிருந்தா அதில் தப்பே கிடையாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர்கள் செய்யல. சேமிப்பு என்கிறோம், நம்பிக்கை என்கிறோம். எனக்கு இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே தெரியல.

போரில் உள்ளூர் வியாபாரம் படுத்துவிட்டது. வாங்குறவன் ஊரைவிட்டே போயிட்டான். செர்ஜ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து போனார். 1979ல் பிரிஸ்டல் நகரத்து ஒயின் கண்காட்சியில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் நிபுணர் மைக்கேல் பிராட்பெண்ட் குடிச்சுப் பார்த்துவிட்டு, இந்தக் கண்காட்சியின் கண்டுபிடிப்பே இதுதான் என்ற அளவுக்குப் பாராட்டினார். அங்கிருந்து பேர் பரவியது. 1984ல் டிகாண்டர் பத்திரிகை ஒயின் உலகில் ஆண்டின் மனிதர் என்ற பட்டத்தை முதன்முதலாகக் கொடுக்க ஆரம்பிச்சபோது, அந்த முதல் பட்டம் செர்ஜ் ஹோஷாருக்கு. எந்த வருஷம் பாருங்க! பழம் லாரியிலேயே புளிச்ச அதே 1984.

1989ல் பெய்ரூட் மேல் குண்டு மழை. எல்லாரும் கீழே பதுங்கிடத்துக்கு ஓட, செர்ஜ் தன் அடுக்குமாடி வீட்டிலேயே இருந்துவிட்டாராம். ஒரு முஸார் பாட்டிலை அப்படியே ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் ஊத்தி, மணிக்கணக்காகத் துளித் துளியாகக் குடிச்சுக்கிட்டே, நேரம் போகப் போக ருசி எப்படி மாறுதுன்னு கவனிச்சிருக்கார். இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கார். முதலில் படிச்சபோது 'பணக்காரக் கிறுக்கு' என்றுதான் தோணிச்சு. இப்போ அப்படித் தோணல. வெளியே எதுவும் தன் கையில் இல்லாதபோது, தான் செய்த ஒரு பொருளையாவது ஒழுங்காப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்.

குறையும் உண்டு

புகழ்ந்துகொண்டே போனால் விளம்பரம் ஆகிடும். முஸாரைப் பிடிக்காதவர்களும் நிறைய. பாட்டிலுக்குப் பாட்டில் ருசி மாறுது, சிலதில் வினிகர் வாசம், சிலதில் மாட்டுக்கொட்டகை வாசம் என்பார்கள். ஒயின் பாடப் புத்தகப்படி இதெல்லாம் தப்புதான். நவீன ஆலையில் ஒரு மருந்தைச் சேர்த்து, ஒரு வடிகட்டியில் விட்டால் சரியாகிடும். செர்ஜுக்குத் தெரியாததா? அதைப் படிச்சவர்தானே. ஒயின் என்பது உயிருள்ள பொருள், அதன் வருஷம் அதில் தெரியணும் என்பது அவர் பிடிவாதம். வெயில் அதிகமான வருஷம் அப்படி இருக்கும், லாரி தாமதமான வருஷம் இப்படி இருக்கும்.

இதில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்கு நாக்கு பத்தாது. மேலதிகாரி வீட்டில் ஒரே ஒரு தடவை ஒரு வாய் ருசி பார்த்தேன். பழைய மரப்பெட்டியும் உலர்ந்த பழமும் கலந்த மாதிரி ஒரு வாசம். புளிப்பு. 'எப்படி?' என்றார். 'சூப்பர் சார்' என்றேன். வேற என்ன சொல்ல? மேலதிகாரியாச்சே!

இன்னொரு குறை, இது என் குறை. இவ்வளவு நேரம் ஹோஷார், ஹோஷார் என்றே எழுதிக்கிட்டு வந்திருக்கேன். அந்தப் பழத்தைக் கையால் பறிப்பவர்கள் பெதூயின் நாடோடிக் குடும்பங்கள். அந்தச் சாலையில் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு லாரி ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள். செக்போஸ்டில் கெஞ்சியது அவர்கள். மலைச்சாலையில் விளக்கை அணைச்சு இரவெல்லாம் காத்திருந்தது அவர்கள். செர்ஜ் உலகம் சுத்தி இந்தக் கதைகளைச் சொன்னார், பட்டம் வாங்கினார், அவருக்கு அதில் உரிமையும் உண்டு. ஆனால் எவ்வளவு தேடியும் ஒரு டிரைவரின் பெயர் எனக்குத் தட்டுப்படவில்லை. லேபிளில் குடும்பப் பெயரும் வருஷமும் மட்டும் இருக்கு. கல்லணையில் கல் சுமந்தவன் பேரும் நமக்குத் தெரியாதுதான். வரலாறு என்றாலே அப்படித்தான் போல. அதை அப்படியே ஒத்துக்கொள்ள மட்டும் மனசு வரல.

அப்புறம்

போர் 1990ல் ஓய்ந்தது. அப்போது லெபனானில் ஒயின் ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு புதுசு புதுசாக வந்து ஐம்பதைத் தாண்டியது. முஸார் தோட்டம் 2006ல் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வாங்கியது, லெபனானில் அதுதான் முதல். அதே 2006 ஜூலை, ஆகஸ்டில் 34 நாள் இஸ்ரேல் - ஹிஸ்புல்லா போர். ஆகஸ்ட் 14ல் குண்டு நின்றது, கொஞ்ச நாளில் அறுவடை. அந்த வருஷமும் ஒயின் உண்டு.

செர்ஜ் ஹோஷார் 2014 டிசம்பர் 31ஆம் தேதி மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது இறந்துபோனார். 75 வயசு. 15 வருஷப் போரில் ஒண்ணும் ஆகாதவர், விடுமுறையில் கடலில் போனார். அவருக்குப் பின் மகன் காஸ்டன் முன்னால் நின்று நடத்தினார். ஆமாம், தாத்தா பேர்தான். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கு.

என் பழைய மேலதிகாரிக்கு ஒரே மகள். பிறந்தது 2006 செப்டம்பர், போர் நின்ற மறு மாசம், அறுவடை நேரம். ஏழு வருஷம் பொறுத்து, அந்த வருஷத்து முஸார் வந்ததும் ஒரு பாட்டில் வாங்கி வெச்சார். துபாய் வீட்டில் அலமாரியின் அடித்தட்டில் துணியில் சுத்திக் கிடந்ததை நானே பார்த்திருக்கேன்.

2024 செப்டம்பரில் அந்தப் பொண்ணுக்கு 18 ஆச்சு. அந்த மாசக் கடைசியில் பெக்கா மேல் மறுபடியும் குண்டு. ஸஹ்லேயில் அவர் அம்மா இருக்காங்க. விசாரிக்கப் போன் போட்டேன். அம்மா நல்லா இருக்காங்க, ஊரை விட்டு வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க என்றார். ரொம்ப நேரம் பேசல. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அந்த பாட்டில், சார்?"

"இருக்கு. இங்கே சட்டப்படி 21 ஆகணும்ல? அவசரம் ஒண்ணும் இல்லை. என் வருஷம்தான் கிடையாது, அவளுக்காவது இருக்கட்டும்" என்றார்.